உலக பீர்களும் ஊட்டிக் குளிரும்: பச்சை பாட்டில் மீது என் வழக்கு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நண்பன் ஒருவன் இருக்கிறான். பையர்களைப் பார்க்க ஜெர்மனி, பெல்ஜியம், லண்டன் என்று போய்வருவான். ஒவ்வொரு முறையும் விஸ்கியை விட்டுவிட்டு எனக்காக பீர் வாங்கி வருவான். விமானத்தில் வருகிறவருக்கு மதுவில் 2 லிட்டர் வரைதான் வரிவிலக்கு. 330 மில்லி டின் என்றால் ஆறு, அதற்கு மேல் ஒரு மடக்குக்குக்கூட இடமில்லை. அந்த இடத்தை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. போன வாரம் போன் செய்து, "மாப்ள, ஜெர்மனி போயிட்டு கொழும்பு வழியா வர்றேன். இத்தனை வருஷமா விதவிதமாக் குடிச்சிருக்கியே, எதைத்தான் வாங்கறது? இந்தத் தடவை தெளிவாச் சொல்லிரு" என்றான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

லாகர் என்றால் குளிரில் மெல்லப் புளிக்கவிட்டது, ஏல் என்றால் அதைவிடச் சூட்டில் சீக்கிரம் புளித்தது, ஸ்டவுட் என்றால் கருக வறுத்த தானியம் போட்ட கறுப்பு ஏல். இதற்கு மேல் அதற்குள் போகவில்லை. ஆனால் நான் குடிக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கீழே நான் எழுதும் பாராட்டும் திட்டும் அந்த இடத்தைப் பொறுத்தவை. வீடு ஊட்டியில். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில்தான் பீர் இருக்கும். உறைபனிக் காலத்தில் அந்தத் தட்டு பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நிற்கும். இங்கிலாந்தில் பப்களின் நிலவறையில் ஏல் பீப்பாயை வைத்திருக்கும் குளிர்ச்சியும் கிட்டத்தட்ட அதேதான், 11 முதல் 13 டிகிரி. அவர்கள் நிலத்தைத் தோண்டிச் சம்பாதித்ததை நமக்கு மலை சும்மா கொடுக்கிறது.

இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. சமவெளியில் பீர் என்றால் பாட்டில் வியர்த்துக் கொட்ட வேண்டும். அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனை மேலே எழும்பாது. 3 டிகிரியில் உலகத்தின் எல்லா லாகரும் நல்ல லாகர்தான். 12 டிகிரியில் அப்படியில்லை. மால்ட் எனும் முளைகட்டிக் காயவைத்த பார்லியின் இனிப்பா, ஹாப்ஸ் எனும் பூவின் கசப்பா, பழசாகிப் போன பீரில் வரும் நனைந்த அட்டை வாசனையா, எல்லாம் வெளியே வந்துவிடும். ஊட்டியில் பீருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

முதலில் மாட்டிக்கொண்டது ஐரோப்பாவின் பேர்பெற்ற லாகர் ஒன்று. பெயர் வேண்டாம். பச்சை பாட்டிலில் வருகிறவர், ஆகவே பச்சையார் என்றே வைத்துக்கொள்வோம். மலைக்கு வருகிறவர்கள் ஆசையோடு கேட்கிற சரக்கு. மூடியைத் திறந்ததும் கருகின ரப்பரும் பழைய பூண்டும் கலந்த ஒரு நாற்றம். பாட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்து அடுத்ததைத் திறந்தால் அதுவும் அப்படியே. அடுத்த மாதம் வேறு ஒரு கடையில் வாங்கினேன். அங்கேயும் அதே கதை. எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதிப் பேர், "வெளிநாட்டு பீர் அப்படித்தாங்க இருக்கும்" என்றார்கள். அதுதான் வாசனை, அதற்குத்தான் காசு என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்! எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் ரொம்ப எளிது. ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருளின் மேல் வெளிச்சம், குறிப்பாக நீலமும் புற ஊதாவும், பட்டால் அது உடைந்து கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மமாக மாறும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற பிராணி எதிரியைத் துரத்தப் பீய்ச்சுகிற நாற்றத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சை பேருக்குத்தான் தடுக்கும். வெள்ளைக் கண்ணாடி அதுவும் இல்லை. இது பீர் காய்ச்சுகிற எல்லோருக்கும் பல காலமாகத் தெரிந்த விஷயம். தெரிந்தும் பச்சை பாட்டில் தொடர்கிறது, பார்வைக்கு உசத்தியாக இருக்கிறதாம். ஊட்டியில் இது இன்னும் மோசம். உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதாவும் கூடும். குளிர்கிற ஊர்தானே என்று பாட்டிலைக் கண்ணாடி ஜன்னல் ஓரம் அழகாக அடுக்கி வைக்கிறார்கள். சூடு ஏறாது, சரி. வெளிச்சம் ஏறுமே?

சந்தேகம் இருக்கிறவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பச்சையாரே டின்னிலும் வருகிறார். ஒரு டின்னைத் திறந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். ஒன்று அலமாரிக்குள், இன்னொன்று காம்பவுண்ட் சுவர் மேல் காலை வெயிலில். இரண்டையும் சின்னத் தட்டால் மூடிவிட்டேன். கால் மணி நேரம் கழித்து மனைவியின் கண்ணைக் கட்டாத குறையாக இரண்டையும் முகரச் சொன்னேன். அலமாரி டம்ளரில் புல் வாசனையும் கொஞ்சம் ரொட்டி வாசனையும் என்றாள். சுவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவள் தலையைப் பின்னுக்கு இழுத்து, "என்னங்க இது, கேஸ் லீக்கா?" என்றாள். ஒரே டின், ஒரே கை ஊற்றியது. வித்தியாசம் வெயில் மட்டும்தான்.

நியாயமாகவும் பேச வேண்டும். அலமாரியில் இருந்த அந்த டம்ளர் அருமையாக இருந்தது. மெல்லிய உடம்பு, கடைசியில் நாக்கின் பின்புறம் பிடிக்கிற சுத்தமான கசப்பு. 1842-இல் போஹீமியாவின், அதாவது இன்றைய செக் நாட்டின், பில்சன் நகரத்தில் ஜோசஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் காய்ச்சிய பொன்னிற பீரிலிருந்துதான் பில்ஸ்னர் வம்சமே கிளம்பியது. அந்த ஊரின் உப்பு குறைந்த தண்ணீர், அருகே விளைகிற சாட்ஸ் ஹாப்ஸ், வெளிர் மால்ட், மூன்றும் சேர்ந்த கணக்கு அது. இன்று உலகத்தில் விற்கிற பீரில் பெரும்பாலானது அதன் பேரன் பேத்திகள். பச்சையாரும் அந்த வம்சம்தான். குடும்பத்தில் குறையில்லை, உடுத்தியிருக்கிற சட்டையில்தான் குறை.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. அடியில் தங்கியதைக் கடைசியில் சுழற்றி ஊற்ற வேண்டும், தெளிவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் பாதி ருசி போச்சு. ஊட்டிக் குளிருக்கு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் ஒன்றுக்கு மேல் எனக்கு இறங்காது. பெல்ஜியத்தின் ஹோகார்டன் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போடுகிறார்கள். அழிந்துபோன அந்த வகையை 1960-களில் பியர் செலிஸ் என்பவர் மீட்டெடுத்தார். கொத்தமல்லி என்றதும் மனைவி, "ரசத்துக்குப் போடறதா?" என்று கேட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். ரசமே தேவலை என்றாள். ஜப்பானின் ட்ரை வகை லாகர் 12 டிகிரியில் ஒன்றுமே இல்லை. பெல்ஜியத்து ஏல் வெஸ்ட்மால் ட்ரிப்பலில் ஆல்கஹால் 9.5 சதவீதம். அதைப் பற்றி எழுதக் குடிக்கும்போது பேனா எடுத்திருக்க வேண்டும், மறுநாள் எடுத்துப் பயனில்லை.

நண்பனைப் பற்றி ஒன்று. இங்கே வந்திருந்தபோது பாட்டிலைத் திறந்து, கட்டைவிரலால் அடைத்து, தண்ணீர் டம்ளருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, "பாரு, பீர்ல கலந்திருக்கிற கிளிசரின் இறங்குது" என்று காட்டினான். பாட்டில் வாயிலிருந்து மங்கலான மஞ்சள் இழை நெளிந்து நெளிந்து டம்ளர் அடிக்குப் போனது. கிளிசரினும் இல்லை, ஒன்றும் இல்லை. பீரின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் கீழே இறங்குகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் மேலே ஏறுகிறது. நல்ல பீரைக் கொட்டிவிட்டு மிச்சத்தில் தண்ணீர் கலக்கிற வேலை. இதைச் சொன்னதற்கு அரை நாள் முறைத்துக்கொண்டிருந்தான். டேய், இப்போதும் சொல்கிறேன், அது பீர்தான்.

இனி கறுப்பு விஷயம். கறுப்பாக இருந்தால் போதை அதிகம் என்று ஒரு நம்பிக்கை. அயர்லாந்து ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், நம்மூர் ஸ்ட்ராங் பாட்டிலில் 8 வரை போகும். அந்த டின்னுக்குள் ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் உருண்டை இருக்கிறது. திறந்ததும் அழுத்தம் குறைய, உருண்டைக்குள் இருந்த நைட்ரஜன் பீய்ச்சி வந்து நுரையைக் கிளப்பும். அழகான ஏற்பாடு. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் எந்த பீரும் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே பொங்கும். நன்றாகக் குளிரவைத்துத் திறக்க வேண்டிய அந்த டின்னை நான் அலமாரிக் குளிரிலேயே திறந்தேன். மேசை விரிப்பு குடித்தது பாதி, நான் குடித்தது மீதி.

லயன் ஸ்டவுட் அப்படிப் படுத்தவில்லை. இலங்கைச் சரக்கு, 8.8 சதவீதம், பழுப்பு பாட்டில். அதற்கே முதல் மார்க் போடுவேன். அந்தக் கம்பெனி 1881-இல் மலையூரான நுவரெலியாவில் தொடங்கியது, இப்போது கொழும்பு அருகே பியகமவில் காய்ச்சுகிறார்கள். குளிர்சாதனம் வராத காலத்தில் வெள்ளைக்காரன் மலை கண்ட இடமெல்லாம் பீர் காய்ச்சியிருக்கிறான். நம் நீலகிரியும் அப்படித்தான். தாமஸ் லீஷ்மன் 1915-இல் தென்னிந்திய ஆலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கியபோது நீலகிரி ஆலையும் அதில் இருந்தது.

எங்கள் தெருவில், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தவர்கள். லேபிளைக் காட்டினேன். எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் வாங்கி முதலில் முகர்ந்தார். "சின்னப் பிள்ளையா இருக்கையில அந்தக் கம்பெனிப் பக்கம் போனா கூழ் கிண்டுற மாதிரி வாசம் வரும் தம்பி. உள்ள என்ன கிண்டுறாங்கன்னு தெரியாது. குடிச்சதில்ல" என்றார். ஒரு மடக்கு குடித்துவிட்டு வாய்க்குள் வைத்திருந்தார். "பரவாயில்ல. சீனி போட்டுக் கெடுக்காம விட்டிருக்கான்."

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. தேநீருக்கு எடுத்துவைத்திருந்த வர்க்கியை, அதாவது ஊட்டியின் அடுக்கு பிஸ்கட்டை, ஸ்டவுட்டில் தொட்டுத் தின்றார். நான் பதறிப் போனேன். பிறகு நானும் தொட்டுப் பார்த்தேன். விறகு அடுப்பில் சிவந்த வர்க்கியின் மேல் அடுக்கு ஊறி, உள் அடுக்கு இன்னும் நொறுங்குகிற அந்த ஒரு நொடியில் வாயில் போட்டுவிட வேண்டும். வறுத்த மால்ட்டின் கசப்பு, வர்க்கியின் லேசான உப்பு, நெய்ப்பதம், எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. கொஞ்சம் தாமதித்தால் துண்டு முறிந்து டம்ளர் அடியில் போய்விடும். ஸ்டவுட்டின் சாக்லேட், காப்பி வாசனையெல்லாம் 12 டிகிரியில்தான் விரிகிறது. இதையே ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால் வெறும் கறுப்புத் தண்ணீர். ஊட்டிக்கென்றே காய்ச்சினது என்று சொன்னாலும் நம்புவேன்.

குறை என்றால் காலி பாட்டில்தான். நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022 மே முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பினால் கொடுத்துவிடுகிறார்கள். காட்டில் கண்ணாடி உடைந்து யானையின் காலைக் கிழிக்காமல் இருக்க நல்ல ஏற்பாடு. கொழும்பு பாட்டிலுக்கு அந்த ஸ்டிக்கர் ஏது? கொல்லையில் ஒரு வரிசை நிற்கிறது. மனைவி எண்ணிச் சொல்லும்போது கூச்சமாக இருக்கிறது.

சரி, தீர்ப்பு. லயன்தான் சிறந்தது, இவ்வளவு எழுதின பிறகு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டேய், லயன் வேண்டாம். உறைபனி போய்விட்டது, பகலில் ஊட்டியே சுடுகிறது, நேற்று முழுக்கத் தோட்டத்தில் கேரட் பிடுங்கி முதுகு பிடித்துக் கிடக்கிறேன். இந்த நிலைமையில் 8.8 சதவீதத்தை உள்ளே விட்டால் எட்டு மணிக்கு விழுந்துவிடுவேன். மெல்லிசாக, கசப்பாக, பாட்டில் வியர்க்க வியர்க்கக் குடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். பச்சையாரையே ஆறு வாங்கி வா. ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்கிவிட்டேன். டின் மட்டும். பாட்டிலில் வாங்கினால் மேட்டுப்பாளையத்துக்குக் கீழேயே வைத்து நீயே குடித்துவிட்டு வா.