எலிமென்டர் டெவலப்பரா, கையால் கோடு எழுதுபவரா? ஒரு சிறு பதிப்பகத்தின் தேர்வு

எங்கள் பதிப்பகத்தின் இணையதளத்தைப் புதிதாகச் செய்ய முடிவெடுத்தபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன. இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில், கோடு (நிரல்) எழுதாமல் பக்கங்களை இழுத்து வைத்து அமைக்க உதவும் பேஜ் பில்டர் எலிமென்டர். அதில் மட்டுமே வேலை செய்யும் ஃபிரீலான்சர் ஒருவர். பேஜ் பில்டர் பக்கமே வரமாட்டேன், வேர்ட்பிரஸ் தீமை (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடுத் தொகுப்பை) முழுக்கக் கையால் எழுதித் தருகிறேன் என்ற டெவலப்பர் ஒருவர். எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்ற ஏஜென்சி ஒன்று. வேலையை எலிமென்டர்காரரிடம் கொடுத்தோம். இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை வலியுறுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஏஜென்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணமும், கூடப் பேச ஒரு ஆளும் இருக்கிற நிறுவனங்களுக்கு அது சரி. சிறு பதிப்பகத்துக்கு, அட்டைப்படம் ஒன்றை மாற்றக்கூட இடையில் ஒருவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, இரண்டு நாள் கழித்து நடக்கும் ஏற்பாடு தாங்காது. தவிர, பல ஏஜென்சிகளில் கடைசியாக உட்கார்ந்து வேலை செய்பவரும் ஒரு பேஜ் பில்டரைத்தான் திறக்கிறார்.

உண்மையான போட்டி மற்ற இருவருக்கும் இடையில்தான்.

கையால் எழுதும் தீமுக்கு வேகம் பெரிய பலம். பக்கத்துக்குத் தேவையான கோடு மட்டும் இருக்கும், அவ்வளவுதான். எலிமென்டர் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கும் பழக்கமுள்ளது. பழைய செக்‌ஷன், காலம் (நெடுவரிசை) முறைக்குப் பதிலாக கன்டெய்னர் என்ற பெட்டி முறை வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கையால் எழுதிய பக்கம் அதை எளிதில் தொட்டுவிடும். எலிமென்டரும் தொடும், ஆனால் படங்களைச் சுருக்கி, கேஷிங் (பக்கத்தைத் தயாராகச் சேமித்துவைக்கும் ஏற்பாடு) அமைத்து, கூடுதல் வசதிக்காகச் சேர்த்த வேண்டாத ஆட்-ஆன்களைக் கழித்துக்கட்டினால்தான். இதைச் செய்யத் தெரிந்தவர் செய்த புத்தகத் தளத்தில், கைப்பேசியில் புத்தகம் தேடும் வாசகருக்கு வேறுபாடு தெரியாது என்பது என் கணிப்பு.

பாதுகாப்பிலும் கையால் எழுதுபவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2023 மார்ச்சில் எலிமென்டரின் கட்டணப் பதிப்பான எலிமென்டர் புரோவில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஆன்லைன் விற்பனைக்கான வூகாமர்ஸ் பிளகினும் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) சேர்ந்து இருக்கும் தளங்களில், சாதாரண வாடிக்கையாளர் கணக்கு வைத்திருப்பவர்கூடத் தளத்தின் அமைப்புகளை மாற்றிவிட முடிந்தது. 3.11.7 பதிப்பில்தான் அடைத்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில், எலிமென்டருக்கான பிரபலமான ஆட்-ஆன் தொகுப்பான எசென்ஷியல் ஆட்-ஆன்ஸில் யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றவிடும் இன்னொரு ஓட்டை, அதை 5.7.2 பதிப்பு அடைத்தது. லட்சக்கணக்கான தளங்களில் இருக்கும் பிளகின் என்றால் திருடர்களும் அதைத்தான் குறிவைப்பார்கள். தனியாக எழுதிய தீமை அப்படி மொத்தமாகத் தாக்க மாட்டார்கள். ஆனால் அதில் ஓட்டை இருந்தால் அதைத் தேடிப் பார்த்துச் சொல்லவும் ஆள் இருக்காது. எலிமென்டரில் கண்டுபிடித்த சில நாட்களிலேயே அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு எலிமென்டர் பக்கம் ஏன் சாய்கிறேன்? பராமரிப்பு. எனக்கு இந்த ஒரே காரணம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பதிப்பகத்தின் ஆண்டு ஜனவரியைச் சுற்றித்தான் ஓடுகிறது. சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது என்றால் டிசம்பரில் புதுப் புத்தகங்கள் அச்சிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். மறுபதிப்புகளுக்கு விலை மாறும். அரங்கு எண் கிடைத்ததும் முகப்பில் போட வேண்டும். பத்து சதவீதத் தள்ளுபடியை ஆன்லைனிலும் கொடுப்பதானால் அதற்கு ஒரு பட்டை. முன்வெளியீட்டுத் திட்டம் என்றால் தனிப் பக்கம். காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். இவை எதுவும் டெவலப்பரின் வசதிக்கு ஏற்ற நேரத்தில் வராது. இரவு பதினோரு மணிக்கு அட்டை இறுதியாகும், காலையில் அறிவிப்பு போக வேண்டும்.

கையால் எழுதிய தீமிலும் புத்தகம் சேர்ப்பது எளிதுதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல டெவலப்பர் தலைப்பு, ஆசிரியர், விலை, பக்கங்கள், ஐ.எஸ்.பி.என். என்று ஒரு படிவம் வைத்துத் தருவார். நிரப்பினால் பக்கம் வந்துவிடும். சிக்கல் மற்ற பக்கங்களில். முன்வெளியீட்டுப் பக்கத்தில் இந்த முறை ஆசிரியர் பேசும் காணொளி வேண்டும், அடுத்த முறை மூன்று நூல்களும் ஒன்றாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிட வேண்டும். எலிமென்டரில் அலுவலகத்தில் இருக்கும் தம்பியே இழுத்து வைத்துவிடுகிறார். கெட்டுப்போனால் ஹிஸ்டரியில் போய் முந்தைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், டெவலப்பர் இல்லாமல் போகும் நாள். ஃபிரீலான்சர்கள் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள், வெளிநாடு போய்விடுவார்கள், நம்மைவிடப் பெரிய வேலை கிடைத்துவிடும். கையால் எழுதிய தீமை இன்னொருவரிடம் கொடுத்தால் முதலில் அவர் உட்கார்ந்து முன்னவரின் கோடைப் படிக்க வேண்டும். பெரும்பாலும், படித்துவிட்டு, இதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதிவிடலாம் என்பார். எலிமென்டர் தெரிந்த ஆட்கள் கோவையிலும் மதுரையிலும்கூடக் கிடைக்கிறார்கள். வருகிறவர் திறந்து பார்த்த சிறிது நேரத்தில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சிறு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

இப்போது அந்த நிபந்தனை. எலிமென்டர் நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர்களில் இரண்டு வகை இருக்கிறார்கள். ஒருவகையினர் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக அலங்கரிப்பவர்கள். ஒரு புத்தகப் பக்கத்தை அழகாகச் செய்து, அதையே நகலெடுத்து, பெயரையும் விலையையும் மாற்றி, இருநூறு பக்கம் செய்து தருவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு நாள் 'வாங்க' என்ற பொத்தானை விலைக்குக் கீழே நகர்த்த வேண்டுமென்றால் இருநூறு பக்கத்தையும் திறக்க வேண்டும். இரண்டாம் வகையினர் புத்தக விவரங்களை ஏ.சி.எஃப். (அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்) போன்ற பிளகினின் புலங்களில், அதாவது படிவத்தின் தனித்தனிக் கட்டங்களில், வைத்துவிட்டு, எலிமென்டர் புரோவின் தீம் பில்டரில் ஒரே ஒரு டெம்ப்ளேட் செய்வார்கள். டைனமிக் டேக் வழியாக ஒவ்வொரு புத்தகத்தின் விவரமும் அதற்குள் வந்து உட்காரும். நிறங்களையும் எழுத்துகளையும் குளோபல் அமைப்பில் வைப்பார்கள். ஊழியர்கள் உள்ளடக்கத்தை மட்டும் தொடும்படி ரோல் மேனேஜரில் பூட்டுவார்கள்.

கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "இருநூறாவது புத்தகத்தை நாங்கள் எப்படிச் சேர்ப்போம்?" பழைய பக்கத்தை டூப்ளிகேட் செய்யுங்கள் என்று பதில் வந்தால், அவருக்குப் பதிலாகக் கையால் எழுதுபவரிடமே போய்விடுங்கள். படிவத்தை நிரப்புங்கள் என்றால் மேலே பேசலாம்.

இந்த வேறுபாடு இன்னொரு இடத்திலும் காப்பாற்றும். நாளை எலிமென்டரே வேண்டாம் என்று முடிவெடுத்தால் என்ன மிஞ்சும்? எலிமென்டர் ஒரு பக்கத்தின் வடிவமைப்பைத் தனித் தரவாகச் சேமிக்கிறது. அணைத்துவிட்டால் எழுத்தும் படமும் நிற்கும், லேஅவுட் போய்விடும். டபிள்யூபி பேக்கரி என்ற இன்னொரு பேஜ் பில்டரை அணைத்தால் இதைவிட மோசம். பக்கமெங்கும் சதுர அடைப்புக்குறிக்குள் ஷார்ட்கோடுகள் (அந்த பில்டருக்கு மட்டும் புரியும் குறியீடுகள்) தெரியும். புத்தக விவரங்கள் புலங்களில் இருந்தால் எதை அணைத்தாலும் அவை வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தில் அப்படியே இருக்கும். வரப்போகிறவர் வேறு எதில் வேண்டுமானாலும் டெம்ப்ளேட் போட்டுக்கொள்ளலாம்.

எலிமென்டர் புரோவின் லைசென்ஸ் பதிப்பகத்தின் பெயரில், பதிப்பகத்தின் மின்னஞ்சலில் வாங்கப்பட வேண்டும். பல தளங்களுக்கான தன் லைசென்ஸையே போட்டுத் தருகிறேன், உங்களுக்குச் செலவு மிச்சம் என்பார்கள். அவர் புதுப்பிக்காத ஆண்டு உங்கள் தளத்துக்கு அப்டேட் நின்றுவிடும். 2023-இல் நடந்தது போன்ற ஒன்று அப்போது வந்தால் கதவு திறந்தே கிடக்கும். இலவசமாகச் சுற்றும் நல்டு (லைசென்ஸ் பூட்டு உடைக்கப்பட்ட) பதிப்பை எடுத்துவரும் ஆளோடு பேச்சே வேண்டாம். டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

தமிழ்த் தளம் என்றால் ஆங்கில மாதிரிகளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அமைத்த நெருக்கமான வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல் வரியின் உகரக் கால்கள் கீழ் வரியின் இகர வளைவுகளில் போய் முட்டும். 'மொழிபெயர்ப்பாளர்களுக்கான' போன்ற ஒரு சொல் கைப்பேசித் திரையை விட்டே வெளியே ஓடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் என்று கூகுளில் நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடைவெளியைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். எலிமென்டரில் கணினிக்கும் டேப்லெட்டுக்கும் கைப்பேசிக்கும் எழுத்தளவைத் தனித்தனியாக வைக்க முடிவது இங்கே பெரிய உதவி. உங்கள் புத்தகங்களில் மிக நீளமான தலைப்புள்ள ஒன்றைக் கொடுத்து மாதிரிப் பக்கம் கேளுங்கள். அதற்குப் பணமும் கொடுங்கள்.

பேஜ் பில்டர் எதற்கு, வேர்ட்பிரஸின் சொந்த பிளாக் எடிட்டரே போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்தது அது. 2022 ஜனவரியில் 5.9 வந்த பிறகு முழுத் தளத்தையும் அதிலேயே அமைக்கலாம். நான் அதைக் கட்டுரைகள் எழுத மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். எனவே என் பேச்சுக்கு இங்கே எடை குறைவு. ஒரு தளத்தை அதில் அமைத்துத் தரும் நல்ல ஆள் கிடைத்தால், லைசென்ஸ் செலவே இல்லாத வழி என்பதால் தயங்காமல் பரிசீலிக்கலாம். ப்ரிக்ஸ் என்ற இன்னொரு பேஜ் பில்டர் பற்றி டெவலப்பர்கள் நல்லவிதமாகச் சொல்கிறார்கள். அதிலும் யாரிடமும் வேலை வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை.

கையால் எழுதுபவரிடம் நானே அனுப்பும் பதிப்பகங்களும் உண்டு. கிடங்கின் இருப்பு, பில்லிங் மென்பொருள், முகவர்களின் கணக்கு எல்லாம் தளத்தோடு பேச வேண்டும் என்றால் அது பேஜ் பில்டர் ஆளின் வேலை அல்ல. அங்கேயும் அந்த இணைப்பைத் தனி பிளகினாக எழுதித் தரச் சொல்லி, முகப்பையும் முன்வெளியீட்டுப் பக்கங்களையும் எலிமென்டரில் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பல டெவலப்பர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.