புருவத்துக்குப் பசை, முழங்காலுக்குத் தையல்

"தையல் போடணுமா சிஸ்டர்?" குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடிவரும் அம்மாக்களின் முதல் கேள்வி இதுதான். ரத்தத்தைவிட ஊசியை நினைத்துத்தான் அதிகம் பதறுவார்கள். கட்டில் விளிம்பில் இடித்துப் புருவத்துக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் கிழிந்த நாலு வயதுப் பையன் என்றால், டாக்டர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், இதற்குத் தையல் வேண்டாம், தோலை ஒட்டும் மருத்துவப் பசை போதும் என்று. அதே பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தால் பசை டப்பாவைத் திறக்கவே மாட்டோம்.

பசை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். முதலில் காயத்தை நன்றாகக் கழுவி, ரத்தம் நிற்கும்வரை காஸ் துணியால் அழுத்திப் பிடிப்போம். பையனின் தலையைப் பின்னால் சாய்த்துவிடுவேன். சொட்டு வழிந்தாலும் முடிப் பக்கம்தான் போக வேண்டும், கண் பக்கம் போகக் கூடாது. டாக்டர் இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே மெல்லிசாக ஒரு பூச்சு பூசுவார். அரை நிமிடம் கழித்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பசை காயத்துக்குள் இறங்கவே கூடாது. உள்ளே போனால் ஓரங்கள் சேர முடியாமல் அதுவே குறுக்கே நிற்கும். அது மேலே போடும் பாலம் மட்டும்தான்.

பாலம் என்றால் கீழே தரை ஆடக் கூடாது. நெற்றித் தோல் பெரிதாக இழுபடாது. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் மடங்கும், பாலம் விரிசல் விடும். உள்ளங்கை, விரல் மூட்டு, வாய்க்குள் ஈரமான இடம், நாய் கடித்த காயம், சீழ் வைத்த காயம் எதற்கும் பசை ஆகாது. முழங்கால், உள்ளங்கை, விரல் மூட்டு என்றால் என் ஓட்டு தையலுக்குத்தான். ஆழமான காயத்தில் அடி அடுக்கை நூலால் இழுத்துத் தைத்துவிட்டு, மேல் தோலுக்கு மட்டும் பசை போடுவதும் உண்டு.

பசைக்கு ஏற்ற காயங்களில் பசையையும் தையலையும் ஒப்பிட்டு ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன. தழும்பின் அழகில் வித்தியாசம் இல்லை. வலியும் நேரமும் பசையில் குறைவு. ஆனால் காயம் மறுபடி பிரிந்துகொள்வது பசையில் கொஞ்சம் கூடுதல். பசை போட்ட 25 பேரில் ஒருவருக்கு அப்படி உபரியாகப் பிரியும் என்று கணக்கு. முகத்துத் தையலைப் பிரிக்க ஐந்தாவது நாள் வாக்கில் திரும்ப வர வேண்டும், பசை 5 முதல் 10 நாளில் தானே உரிந்து விழும். மரத்துப்போகும் ஊசி போடும்போது நாலு வயதுக் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் வேலை என்னுடையது. அதனால் 25இல் ஒன்று என்பது எனக்குப் பெரிய விலையாகத் தெரியவில்லை. மேலோட்டமான சின்னக் கீறலுக்கு ஒட்டுப்பட்டை போதும். ஆனால் வியர்வையில் பிடி விட்டுவிடும், குழந்தைகள் பிய்த்தும் விடுவார்கள்.

இந்தப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர் 1942இல் துப்பாக்கிக் குறிபார்ப்பானுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கைக்கு வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை தந்ததால் அன்று ஒதுக்கிவைத்தார்கள். 1958இல் சூப்பர் க்ளூவாகக் கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் ரத்தம் கொட்டும் காயங்கள்மேல் தெளித்தும் பார்த்தார்கள். ஆனால் கடைப் பசையும் எங்கள் டப்பாவில் இருப்பதும் ஒன்றல்ல. கடைப் பசையின் மூலக்கூறு குட்டையானது. இறுகும்போது சுடும், சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருளை விடும், சதை புண்ணாகும். தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம். மருத்துவத்துக்கு நீளமான பியூட்டைல், ஆக்டைல் வகைகள். பியூட்டைல் இறுகினால் கண்ணாடி மாதிரி, வளைத்தால் உடையும். ஆக்டைல் தோலோடு சேர்ந்து வளையும், 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டில் கிடைத்தால் ஆக்டைல் என்பேன். பூசிய இடத்தில் வாஸ்லினோ வேறு களிம்போ தடவாதீர்கள், பசை இளகிவிடும்.

உடம்புக்குள் கதை வேறு. அங்கே ஃபைப்ரின் பசை. ரத்தம் உறையும்போது கடைசிப் படியில் நடப்பதை இரண்டு சிரிஞ்சில் பிரித்துவைத்ததுதான் அது. ஒன்றில் ஃபைப்ரினோஜன், மற்றதில் திராம்பின். கலந்ததும் உறையும், பிறகு உடம்பே கரைத்துக்கொள்ளும். பிடிப்பு சுமார்தான், இழுத்தால் விட்டுவிடும். ஆனால் மென்மை! வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணில் வளரும் சதையை எடுத்துவிட்டு, மெல்லிய சவ்வை ஒட்டுகிறார்களே, அங்கே நூல் முனை நாள்கணக்கில் கண்ணை உறுத்தும். ஃபைப்ரின் உறுத்தாது. மனித ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து வருவதுதான் அதன் சிக்கல். மஞ்சள் காமாலைக் கிருமி பயத்தால் அமெரிக்கா 1970களில் ஃபைப்ரினோஜனுக்குத் தடை போட்டது. கிருமியழிப்பு முறைகள் தேறிய பிறகு, ஆக்டைல் வந்த அதே 1998இல்தான் அங்கே ஃபைப்ரின் பசை அனுமதியானது.

ஆக, வலுவான பசைக்கு ஈரம் ஆகாது, ஈரத்துக்கு ஏற்ற பசைக்கு வலு இல்லை. சயனோஅக்ரிலேட் இறுகவே துளி ஈரம் வேண்டும்தான், ஆனால் ரத்தம் தேங்கிய இடத்தில் சதையைப் பிடிக்காமல் ரத்தத்தின்மேல் ஓடாகிவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பப் பார்ப்பவர்கள் கடலையும் தோட்டத்தையும் பார்த்தார்கள். அலையடிக்கும் பாறையில் கடல் சிப்பி டோபா என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு ஒட்டுகிறது. அது ஆக்ஸிஜன் பட்டு மாறினால் பிடி தளர்கிறது. ஓடில்லாத நத்தை ஒன்று ஆபத்தில் விடும் கோழையைப் பார்த்து ஹார்வர்டில் செய்த இரட்டை அடுக்குப் பசை 2017இல் வெளியானது. ஒரு அடுக்கு ஒட்டும், மற்றது இழுவையைத் தாங்கும். பன்றி இதயத்தில் ரத்தம் பட்டும் பிடித்தது. எனக்கு அதிகம் பிடித்தது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹியுன்வூ யுக், சுவான்ஹே ஜாவோ குழு 2019இல் காட்டிய உலர்ந்த இருபக்க டேப். ஈரத்தோடு மல்லுக்கட்டாமல் இடையில் இருக்கும் நீரை முதலில் குடித்துவிடுகிறது, பிறகு சதையோடு வேதிப் பிணைப்பு போடுகிறது. ஐந்து விநாடி அழுத்தினால் போதும்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: கோணலாக ஒட்டிவிட்டால்? தையல் கோணினால் வெட்டிவிட்டு மறுபடி போடலாம். அதே குழு 2020இல் இதற்கும் பதில் வைத்தது. சமையல் சோடாவும், நம் உடம்பிலேயே இருக்கும் குளூட்டாதையோன் என்ற பொருளும் கலந்த கரைசலை ஊற்றினால் சில நிமிடங்களில் சதையைக் கிழிக்காமல் உரிந்துவருகிற டேப். எலியிலும் பன்றிச் சதையிலும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தட்டில் இப்போதைக்கு நூலும் ஊசியும் ஆக்டைல் டப்பாவும்தான்.