குழுவா, தனியாளா? வன்னியில் உளவளத்துணை

இலங்கையின் வடக்கில் போர் நடந்த வன்னியில் உளவளத்துணை, அதாவது மனம் நொந்தவர்களோடு பேசி ஆற்றுகிற வேலை என்றால், குழுவாக இருத்துவதா தனியாளாகப் பார்ப்பதா என்ற வாக்குவாதம் ஓய்வதில்லை. நான் குழுவின் பக்கம்தான். ஆனால் எடுத்த எடுப்பில் குழுவில் கொண்டுபோய் இருத்துவது பிழை.

குழுவுக்கு ஆதாரம் பலமாகவே இருக்கிறது. 2003இல் வெளியான உகண்டா ஆய்வில் 30 கிராமங்களை எடுத்தார்கள். பாதிக் கிராமங்களில் மனச்சோர்வு உள்ள ஆண்களும் பெண்களும் வேறு வேறு குழுக்களாக வாரம் ஒன்றரை மணி நேரம், 16 வாரம் கூடினார்கள், நடத்தியது பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். முடிவில் அங்கே 6.5 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது, மற்றக் கிராமங்களில் 54.7 சதவீதம்.

2013இல் கொங்கோவில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் செய்த ஆய்விலும் ஆறு மாதம் கழித்துக் குழுச் சிகிச்சைக்காரரில் 9, தனியாள் ஆதரவு பெற்றவரில் 42 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருக்கலாம் என்று தெரிந்தது. சரி, ஆனால் இரு பக்கமும் கொடுத்தது ஒரே சிகிச்சை இல்லை. அந்தக் குழுக்காரருக்கும் முதல் அமர்வு தனியாகத்தான் நடந்தது. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எங்கள் வடக்கிலேயே பாடசாலைப் பிள்ளைகளைக் குழுவாக வைத்துச் செய்து 2012இல் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. பொடியன்களுக்குப் பலன் தெரிந்தது, ஆனால் பெண் பிள்ளைகளில் குழுவுக்குப் போகாதவர்களுக்கே அதிர்ச்சிக் குறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன.

மாதர் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்துப் பெண்களை இருத்துகிறோம். 2009இல் இறுதிப் போரில் கணவனைப் புதைத்துவிட்டு வந்தவரும், இராணுவத்திடம் சரணடைந்த கணவன் திரும்பி வருவான் என்று இன்றும் பொட்டு வைத்திருப்பவரும் பக்கத்தில் பக்கத்தில். "மனசைத் தேற்றிக்கொண்டு பிள்ளையளைப் பாருங்கோ" என்று முதலாமவர் நல்ல மனதோடுதான் சொல்லுவார். மற்றவர் அடுத்த கிழமை வரமாட்டார். அதே பாயில்தான் நுண்கடன் குழுவும் கூடியது, ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அந்தக் கசப்போடு வீட்டுக் கதையை எப்படி வாய் திறப்பார்கள்?

தனியாள் வேலை மட்டும் போதுமா என்றால், இல்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுக்க ஒருவரால் மோட்டார் சைக்கிளில் ஓடி முடியாது, வீட்டுக்குப் போனாலும் மாமியார் விறாந்தையில் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். தனியாக வாழ்கிறவளை ஊர் பேசுகிற பேச்சின் காயம் உளவளத்துணை உத்தியோகத்தர் சொல்லி ஆறாது, அதே வழியால் வந்த இன்னொருத்தி சொன்னால்தான் ஆறும்.

முதல் சந்திப்பைத் தனியாக வைத்து, யார் யாரோடு இருக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு வேறு குழு வேண்டும். அறிக்கைக்குப் படம் எடுப்பதை உடனே நிறுத்துங்கள், கமராவைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.