பந்தைப் பறிகொடுக்காமல் ஆடக் கற்றுக்கொடுத்த கோடைக் கோச்சிங்

எங்கள் ஏரியா பள்ளி மைதானத்தில் காலை 6 மணிக்கு நடக்கும் கூடைப்பந்து கோச்சிங்கில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் என் மகளைச் சேர்த்திருந்தேன். மாதம் 2,500 ரூபாய். அவளுக்கு 12 வயது, ஸ்கூல் டீமில் ஆடுகிறாள், நன்றாக ஓடுவாள், ஆனால் யாராவது கிட்டே வந்துவிட்டால் பந்து கையை விட்டுப் போய்விடும்.

முதல் வாரம் முழுக்கப் பந்தைத் தட்டவே விடவில்லை. எனக்கே கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது. பந்து கைக்கு வந்ததும் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி, முழங்காலை மடக்கி, பந்தை முகவாய்க்கடியில் இரண்டு கையாலும் இறுக்கி, ஒரு காலை நகர்த்தாமல் மறு காலால் திரும்பி எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே தன் உடம்பைக் கொண்டுவருவது, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார் கோச். முழங்கை விரிந்து இருக்கலாம், வீசினால் ஃபவுல். அப்புறம் ஒருத்தியை ஒரு மீட்டருக்குள் வந்து மறிக்கச் சொல்லிவிட்டுச் சத்தமாக ஐந்து வரை எண்ணுவார், அதற்குள் பாஸோ டிரிபிளோ (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நகர்வது) ஷாட்டோ ஏதாவது செய்தாக வேண்டும். ஆட்ட விதியும் அந்த 5 விநாடிதான். என் மகளுக்குப் பதற்றம் போனது இதில்தான்.

பந்தைப் பறிப்பதற்கும் இதே கவனம். மேலிருந்து அடித்தால் பெரும்பாலும் கையில்தான் படும், விசில் வரும், அதனால் கீழிருந்து தட்டு என்பார். ஷாட் போனதும் எல்லாரும் பந்தையே அண்ணாந்து பார்ப்பார்கள் இல்லையா, முதலில் நீ மறிக்க வேண்டிய எதிராளியைத் தேடி முதுகால் அடைத்து நில், பந்து அப்புறம் என்பார். குள்ளமான பிள்ளைகள்கூட ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுத்ததை நானே பார்த்தேன்.

குறை என்று பார்த்தால் பந்துதான். எல்லாருக்கும் 7-ஆம் அளவு. பெரிய பெண்களே சர்வதேசப் போட்டியில் 6-ஆம் அளவில் ஆடும்போது இந்தச் சின்னக் கைகளில் அது எப்படி நிற்கும்? இரண்டு முறை சொல்லியும் மாற்றவில்லை. 30 பிள்ளைகளுக்கு ஒரே கோச் என்பதும் சரியில்லை.

கடைசி வார மேட்ச்சில் இரண்டு பேர் அவளை மூலையில் மடக்கினார்கள். பந்தை இறுக்கிக்கொண்டு திரும்பினாள், இருவருக்கும் நடுவே தரையில் குத்தி பாஸ் கொடுத்தாள். ஜூனில் தொடங்கும் சனி, ஞாயிறு பேட்ச்சுக்கும் பணம் கட்டிவிட்டேன், பந்து மட்டும் நாங்களே கொண்டுபோகிறோம்.