ஆடிக் காற்றும் எர்த் குழியும்: 52,000 கிலோமீட்டர் ஓடிய என் மின்சாரக் கார்

வீடு கோவை பீளமேட்டில். வேலை திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில். போக ஐம்பது, வர ஐம்பது, நாளைக்கு நூறு கிலோமீட்டர். 2024 ஜனவரியில் மின்சாரக் கார் வாங்கினேன். மீட்டர் இப்போது 52 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. 30 யூனிட் பேட்டரி, ஐந்து பேர் உட்காரலாம், அவ்வளவு தெரிந்தால் போதும். கீழே எழுதியிருப்பது இந்த அளவில் வரும் எந்த வண்டிக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

விலை பெட்ரோல் மாடலைவிட நாலு லட்சம் கூட. ஆனால் தமிழ்நாட்டில் அப்போது மின்சார வண்டிக்குச் சாலை வரி முழுவதும் விலக்கு. பத்து லட்சத்துக்கு மேல், இருபது லட்சத்துக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு அப்போது 18 சதவீதம் கட்ட வேண்டும். அதில் பாதி வித்தியாசம் கழிந்துவிட்டது. மீதிப் பாதியைப் பெட்ரோல் மிச்சத்தில் எடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு என் தொழில் என்பதை அவர் அடிக்கடி மறந்துவிடுவார்.

வண்டி வந்த அன்று ராத்திரி சார்ஜரைச் செருகினோம். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஷோரூமுக்குப் போன் செய்தால் "எர்த் பாருங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள். எர்த் என்பது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் ஒயர். மறுநாள் எலக்ட்ரீசியன் தம்பி வந்து மல்டிமீட்டரை வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் 34 காட்டியது. "அக்கா, உங்க வீட்டுல எர்த்துன்னு ஒண்ணே இல்லீங்க. இத்தன வருசம் வாஷிங் மெஷின் எப்படி ஓடுச்சுன்னுதான் தெரியல" என்றார். பின்பக்கம் செம்பருத்திச் செடிக்கடியில் இருந்த பழைய குழாயைப் பிடித்து இழுத்ததும் துருவாக உதிர்ந்து பாதிதான் கையோடு வந்தது. புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, காருக்கென்று தனி ஒயர், கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் தனி எம்சிபி சுவிட்ச், 16 ஆம்பியர் பிளக் என்று முடிக்க இரண்டு நாள். செலவு ஏழாயிரத்து ஐந்நூறு. வெயில் காலத்தில் மண் காய்ந்தால் மறுபடி சிவப்பு மினுக்கும் என்பதால், செடிக்குத் தண்ணீர் விடும்போது என் மாமியார் எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுகிறார். வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஷோரூமுக்குப் போவதற்கு முன் எலக்ட்ரீசியனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கரண்ட் பில். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாதுங்க" என்றார் விற்பனைப் பையன். தமிழ்நாட்டுக் கரண்ட் பில் ஏணி மாதிரி ஏறும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. முன்பு எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும். முதல் 100 இலவசம் போக, பில் ஆயிரத்துக்குக் கீழேதான் இருந்தது. கார் வந்த பிறகு 1,100 யூனிட். 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கு இருந்த பாதி விலைச் சலுகையும் போய்விட்டது. கடைசிப் படியில் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். இப்போது பில் எட்டாயிரத்துச் சொச்சம். முதல் தடவை குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு மீட்டர் எடுத்தவர் தப்பாக எழுதிவிட்டார் என்று சண்டைக்கே கிளம்பினேன்.

உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது மனசு ஆறியது. கூடுதலாக ஏழாயிரத்துச் சொச்சம், ஓடியது 5,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பழைய பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தது. லிட்டர் நூற்றுச் சொச்சம் என்றால் அதே தூரத்துக்கு 33 ஆயிரத்துக்கு மேல். விற்பனைப் பையன் சொன்னது பொய்தான், ஆனாலும் லாபம் லாபம்தான். (வீட்டுக்காரர் நோட்டில் எழுதியிருந்தது 80 பைசா.)

விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தது. அது சோதனைக்கூடத்துக் கணக்கு. ஏசி போட்டு, எண்பதில் ஓட்டினால் எனக்கு 200 கிடைக்கிறது. போகவும் வரவும் பேட்டரி ஒரே மாதிரி இறங்குவதில்லை என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. காலையில் திருப்பூர் போக 20 சதவீதம், சாயங்காலம் திரும்ப 25. திருப்பூர் நம்மைவிட நூறு மீட்டருக்கு மேல் பள்ளத்தில் இருக்கிறது. காரில் சதவீதத்தைப் பார்த்துத்தான் அந்த மேடு எனக்குத் தெரிந்தது. ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். காலையில் முதுகைப் பிடித்துத் தள்ளும், 18 சதவீதத்தில் போய்ச் சேருவேன். சாயங்காலம் எதிரில் நின்று மறிக்கும், 29 வரை தின்றுவிடும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவதும் இதே காற்றில்தான். ராத்திரி அது தருவதை என் வண்டி குடிக்கிறது, சாயங்காலம் அதுவே பிடுங்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போனோம். நூறு சதவீதத்தில் கிளம்பி மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது 36. மாமியாருக்குத் தெரியாமல் நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறங்கும்போது பார்க்க வேண்டுமே! ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைத்து, அந்த விசையைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பதினாலு கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து கல்லாறு வந்தபோது 41. பிரேக்கைத் தொட்டது ஏழெட்டுத் தடவை இருக்கும். முன்னால் போன வண்டியின் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வந்தது, எங்களுடையதில் இல்லை. வீடு வந்தபோது 23. மலை இறக்கத்துக்கு இதைவிடச் சுகமான வண்டியை நான் ஓட்டியதில்லை.

வெளியில் சார்ஜ் போடுவது வேறு கதை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்கூட்டிக் காசு. என் போனில் நான்கு இருக்கின்றன. ஒன்றில் 312 ரூபாய் ஒரு வருடமாகத் தூங்குகிறது. போன மே மாதம் திண்டுக்கல் தாண்டி ஒரு ஹோட்டல் வாசலில், ஆப்பில் "வேலை செய்கிறது" என்று காட்டிய சார்ஜர் செத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த இன்னொன்றுக்கு முன்னால் ஒரு டீசல் வண்டி நிழல் பார்த்து நிறுத்தியிருந்தது. டிரைவர் தூக்கத்தில் இருந்தார். காவல்காரர் எழுப்பியதும் "கரண்டு வண்டிக்குன்னு தனி எடமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தார். பத்திலிருந்து எண்பதுக்கு ஏற ஒரு மணி நேரம். யூனிட்டுக்கு வீட்டில் ஆவதைப் போல இரண்டு மடங்கு. ஒரு தோசை, ஒரு காபி, மறுபடி ஒரு காபி. மாதம் ஒருமுறை மதுரை, சென்னை என்று ஓடுகிறவர்களும் சொந்தமாக பிளக் வைக்க முடியாத அபார்ட்மென்ட்காரர்களும் இரண்டு முறை யோசியுங்கள். என் தோழி அசோசியேஷனிடம் அனுமதி கேட்டு ஏழு மாதம் ஆகிறது.

ஒரு காலை வண்டி உயிரே இல்லாமல் நின்றது. பெரிய பேட்டரியில் 92 சதவீதம் இருக்கிறது, ஆனால் கதவுகூடத் திறக்கவில்லை. முன்பக்கம் பெட்ரோல் வண்டியில் இருப்பதைப் போலவே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது செத்தால் பெரியது எழுந்திருக்காது என்று அன்றுதான் தெரிந்தது. எதிர் வீட்டு அண்ணன் தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒயர் கொடுத்து உயிர் கொடுத்தார். இன்றுவரை தெருவில் யார் மின்சாரக் கார் பேச்சை எடுத்தாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

சத்தம் இல்லாதது எனக்குப் பிடிக்கும், தெருவுக்குப் பிடிக்காது. விடியற்காலை ரிவர்ஸ் எடுத்தபோது கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆத்தா திடுக்கிட்டு எழுந்து, "ஏங்கண்ணு, ஒரு ஹாரனாச்சும் அடிக்கக் கூடாதா?" என்றார். அடித்தால் குழந்தை எழுந்துவிடும் என்று அவர் மருமகள் திட்டுகிறாள். இப்போது கண்ணாடியை இறக்கி "ஆத்தா, வண்டி வருதுங்க" என்று கத்திவிட்டுத்தான் எடுக்கிறேன்.

சர்வீஸ் செலவு மிகக் குறைவு. ஆயில் மாற்றும் வேலையே இல்லை. ஆனால் டயர் 38 ஆயிரத்திலேயே போய்விட்டது. வண்டி கனம், சிக்னலில் எடுப்பும் அதிகம், என் காலும் சும்மா இருப்பதில்லை. பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி. இத்தனை ஓடியும் பேட்டரி பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. விற்கப் போனால் என்ன கொடுப்பார்கள் என்று பழைய கார் வியாபாரி ஒருவரிடம் கேட்டேன்; அவர் சொன்ன தொகையை வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் மதுரையில் சித்தப்பா மகள் கல்யாணம். ஆறு பேர், மூட்டை முடிச்சு, ராத்திரியே கிளம்ப வேண்டும். எதிர் வீட்டு அண்ணனிடம் பெட்ரோல் வண்டியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.