பின்கட்டில் ஒரு புரூடர்: நான்கு ஆண்டு அனுபவம்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இதுவரை 9 முறை கோழிக்குஞ்சு இறக்கியிருக்கிறேன், முறைக்கு 50. முதல் முறை 17 குஞ்சுகளைப் புதைத்தேன். கடைசி முறை 2.

புரூடர் என்பது தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குச் சூடு தரும் அடைப்பு. என்னுடையதைக் கருவி என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒன்றரை அடி உயரத்தில் 13 அடி நீளத் தகரம்; வளைத்துக் கட்டினால் குறுக்கே 4 அடி வட்டம். நடுவில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு. சதுரப் பெட்டி வேண்டாம். மிரண்ட குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிப்போகும். பல்பு கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. கேட்டால் கடைக்காரர் எல்.இ.டி.யை எடுத்து நீட்டுகிறார். அதில் வெளிச்சம் வரும், குஞ்சுக்குப் போதுமான சூடு வராது.

செட்டிநாட்டு வீடு வெயிலை விரட்டுவதற்கென்றே கட்டியது. கனத்த சுவர், முற்றம், ஆத்தங்குடிக் கல், வாசலிலிருந்து பின்கட்டு வரை நேர்க்கோட்டில் கதவுகள். நமக்குச் சுகமான அந்தக் காற்றுதான் என் குஞ்சுகளுக்கு எமனாக வந்தது. சித்திரை மாதம், நமக்கே புழுங்குகிறதே என்று இரவில் ஒரு பல்பை அணைத்துவிட்டுப் படுத்தேன். 28 டிகிரியில் நமக்கு வியர்க்கிறது. முதல் வாரக் குஞ்சுக்கோ 35 டிகிரி வேண்டும். அதன்பின் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். விடிந்து பார்த்தபோது மிச்சம் இருந்தவை பல்புக்கடியில் ஒரே குவியலாகக் கிடந்தன.

அடுத்த முறை தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். பஞ்சாரக் கூடையிலேயே ஆயுள் முழுக்கக் கோழி வளர்த்த அப்பத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாய்க்கோழி இதை வைத்துப் பார்த்துத்தான் இறக்கைக்குள் விடுகிறதா? குஞ்சைப் பாருடா" என்றார். பார்த்தேன். குவிந்தால் குளிர்கிறது. தகரத்தை ஒட்டி வாயைப் பிளந்து நின்றால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாக மேய்ந்தால் போதும். இப்போது ஒரே கதவுள்ள சாமான் அறையில், சாக்கு விரித்து அதன்மேல் 2 அங்குலம் உமி போடுகிறேன். கோடைப் பகலில் பெரும்பாலும் பல்பே எரிவதில்லை. உமிமேல் விரிக்கும் செய்தித்தாளை மூன்றாம் நாள் எடுத்துவிடுகிறேன். வழுக்கிக் கால் அகன்றுவிட்ட குஞ்சு தேறுவது கடினம்.

ஐப்பசி மழையில் இறக்கிய மூன்றாம் முறை, உமி நனைந்து நான்காம் வாரத்தில் ரத்தக் கழிச்சல் வந்தது. கால்நடை மருத்துவர் தந்த மருந்தில் பாதிக்கு மேல் பிழைத்தன. அன்றிலிருந்து தண்ணீர்த் தட்டு செங்கல்மேல் ஏறியது. குஞ்சு விழுந்து மூழ்காமலிருக்கத் தட்டில் கூழாங்கல். உமியை நாள்தோறும் கிளறுகிறேன். ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. அதை ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

குறைகள் உண்டு. இரண்டு பல்பும் நாள் முழுக்க எரிந்தால் ஏறக்குறைய 3 யூனிட் ஆகிறது. மின்சாரம் போனால் வெந்நீர்ப் பானையைச் சாக்கில் சுற்றி நடுவில் வைக்கிறேன்; கரி மூட்டினால் மூடிய அறையில் புகை கட்டிக்கொள்ளும். தகர விளிம்பு கையைக் கிழிக்கும். மேலே கம்பிவலை இல்லாவிட்டால் எலி தூக்கிப்போய்விடும்.

பத்தாவது முறை தையில். குண்டு பல்பு நான்கை இப்போதே வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.