பழைய ஒளிப்படங்களின் காலத்தைக் கணித்துத் தரும் சேவை: உடையில் தேர்ச்சி, பெட்டியில் கவனக்குறைவு

பெட்டியில் அடைத்த டாகரோடைப் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதித்த தொடக்ககால ஒளிப்படம்) ஒன்றின் காலத்தை அறிய, இணையவழியில் இப்பணியைச் செய்துதரும் ஒரு சேவைக்குப் படங்களை அனுப்பியிருந்தேன். வந்த அறிக்கையில் உடை, தலைவாரல் பற்றிய பகுதி மிகவும் நேர்த்தியாக இருந்தது. படத்திலுள்ள பெண் நடுவகிடெடுத்து, காதுகள் மறையும்படி கூந்தலைத் தழைய வாரிப் பின்னால் முடிந்திருக்கிறார். சட்டையின் கை இறுக ஒட்டியிருக்கிறது. இடுப்பில் சட்டை முன்புறம் கூராக இறங்குகிறது. இவற்றோடு, 1850களில் பரவிய மணிபோல் விரியும் கை இதில் இல்லாததையும் சுட்டி, படம் 1842க்கும் 1846க்கும் இடைப்பட்டது என்று முடிவு கூறியிருந்தார்கள்.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் உடைப்பாணி எப்போது தோன்றியது என்று தெரிந்தால், படம் அதற்கு முந்தியதல்ல என்று துணிந்து சொல்லலாம்; எதற்குப் பிந்தியதல்ல என்று அதே துணிவுடன் சொல்ல இயலாது, ஏனெனில் வயது முதிர்ந்தவர்கள் இளமையில் பழகிய வாரலையும் தையலையும் எளிதில் விடுவதில்லை. இந்தப் பெண்ணின் நெற்றியிலும் வாயோரத்திலும் சுருக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

பெட்டியோ வேறு கதை சொல்கிறது. தகட்டையும் கண்ணாடியையும் சேர்த்து விளிம்பில் மடித்துப் பிடிக்கும் மெல்லிய பித்தளைப் பட்டை 1840களின் பிற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது. அரக்கையும் மரத்தூளையும் கலந்து அச்சில் அழுத்திச் செய்யும் இத்தகைய பெட்டிக்குச் சாமுவேல் பெக் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1854இல். அறிக்கை இதை ‘அலங்காரப் பெட்டி’ என்ற இரண்டே சொற்களில் கடந்துவிட்டது.

நான் எழுதிக் கேட்டதும், கூடுதல் கட்டணமின்றித் திருத்திய அறிக்கை அனுப்பினார்கள். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். படம் 1850களின் நடுவில் எடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது பழைய படம் பின்னாளில் புதிய பெட்டிக்கு மாற்றப்பட்டிருக்கலாம் என்றும், பட்டைக்கு அடியில் ஒட்டிய காகித நாடா முதலில் ஒட்டியதுதானா என்று பார்த்தாலே இது தெளிவாகும் என்றும் அதில் விளக்கியிருந்தார்கள். விரலோ துணியோ பட்டாலே உருவம் அழிந்துவிடும் என்பதால், நானே பிரிக்க வேண்டாம் என்று எச்சரித்ததும் சரியே.

இவர்களிடம் போகிறவர்கள் முகப்புப் படத்தோடு நிறுத்தாமல், மூடிய பெட்டி, உட்புறத் துணி, பித்தளைச் சட்டம், பட்டையின் விளிம்பு ஆகியவற்றையும் தனித்தனியே படமெடுத்து, கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.